பொன்னாடை ஏலம்

எங்கள் அரங்கத்துக்கு இருந்தது ஒரே ஒரு சட்டம். மேடையில் நாற்காலி போடக் கூடாது.

இது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் எங்கள் பக்கத்து விழா ஏதாவது ஒன்றை முழுசாக உட்கார்ந்து பார்த்தவர்களுக்குப் புரியும். மேடையில் ஒரு நாற்காலி போட்டால் அதில் ஒருவர் உட்காருவார். உட்கார்ந்தவர் சும்மா இருக்க மாட்டார், பேசுவார். பேசியவருக்குப் பொன்னாடை போர்த்த வேண்டும். அவருக்குப் போர்த்தினால் பக்கத்தில் இருப்பவருக்கும் போர்த்த வேண்டும், இல்லையென்றால் அவர் வீட்டுக் கல்யாணத்துக்கு நம்மைக் கூப்பிட மாட்டார். இதற்குள் சலங்கை கட்டிக்கொண்டு பின்னால் நிற்கிற பிள்ளைகள் நின்றபடியே தூங்கிவிடும். அதற்கப்புறம் நடப்பது ஆட்டமும் இல்லை, பாட்டும் இல்லை. எல்லோரும் வீட்டுக்குப் போகிற அவசரம்தான்.

நான் அன்புமொழி. மணமேல்குடிக்கும் கோட்டைப்பட்டினத்துக்கும் நடுவில், கடலை ஒட்டிய எங்கள் ஊரில் மருந்துக் கடை வைத்திருக்கிறேன். ஊரில் யாருக்குச் சர்க்கரை, யாருக்கு ரத்தக்கொதிப்பு, யார் மாத்திரையைப் போடாமலேயே போட்டேன் என்று என்னிடம் புளுகுகிறார்கள் என்பதெல்லாம் எனக்கு அத்துபடி. வாய் கொஞ்சம் நீளம். அதனாலேயே, ‘கடலோர மக்கள் அரங்கம்’ என்று நாங்கள் பத்துப் பேர் சேர்ந்து ஒன்றைத் தொடங்கியபோது, மைக் பிடிக்கிற வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

ஊர்க் கோடியில் மூடிக் கிடந்த ஐஸ் கம்பெனி ஷெட்தான் அரங்கம். இடம் ஊர் கமிட்டிக்குச் சொந்தம். “சும்மா கெடக்குறதுக்கு ஆடிட்டுப் போங்க” என்று சாவி கொடுத்தார்கள். தை பிறந்ததும் ஞாயிற்றுக்கிழமை தோறும் ஒரு நிகழ்ச்சி என்று இரண்டு மாதத்துக்குத் திட்டம் போட்டோம். கோட்டைப்பட்டினத்திலிருந்து தஃப் அடிக்கிற குழு முதல் வாரமே வந்து ஷெட்டின் தகரத்தை அதிர வைத்தது. வல்லத்திராக்கோட்டையிலிருந்து வயல் வேலை முடித்த கையோடு ஒரு வேன் நிறையப் பெண்கள் வந்து கும்மியடித்தார்கள். ஆவூர்ப் பக்கத்து டயானா திருச்சியில் நர்ஸ். அவள் மாதாவைப் பாடுகிற பாட்டுக்குப் பரதம் ஆடினாள். பாதியில் செல்போனில் சார்ஜ் தீர்ந்து பாட்டு நின்றுபோனது. கூட்டம் கைதட்டித் தாளம் போட, அவள் நிற்காமல் ஆடி முடித்தாள். காலேஜ் பையன்கள் வராத பஸ்ஸைத் திட்டி ஒரு ராப் பாடினார்கள், அதை இன்றைக்கும் எங்கள் பஸ் ஸ்டாப்பில் யாராவது முணுமுணுக்கிறார்கள். பெண்கள் பறையடித்த வாரம் மட்டும் நாலு பேர் முறைத்தார்கள். முறைத்தவர்கள் கடைசி வரை உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் போனார்கள்.

அத்தனை வாரமும் மேடையில் நாற்காலி கிடையாது. முன் வரிசை கிடையாது. எல்லோருக்கும் தரையில் பாய்தான். கமிட்டித் தலைவர் முனியசாமி ஒரு வாரம் வந்து, உட்கார இடம் தேடி, கடைசியில் பாயில் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனார். அது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, மறைக்க மாட்டேன்.

கடைசி வாரத்துக்கு வைத்திருந்தது நாடகம். அது காத்தாயி அக்காவின் நாடகம். அவருடைய சொந்தக் கதை.

காத்தாயி அக்கா மீன் விற்பவர். எங்கள் கரையில் போட்டு, அதாவது விசைப்படகு, வந்ததும் மீனைக் குவியல் குவியலாகக் கொட்டி ஏலம் விடுவார்கள். விலை சொல்கிறவர்கள் எல்லாம் ஆம்பளை வியாபாரிகள். கூடைக்காரப் பெண்கள் தள்ளி நின்று, ஏலம் முடிந்த பிறகு அந்த வியாபாரிகளிடம் கூடுதல் விலைக்கு வாங்கிக்கொண்டு போக வேண்டும். அப்படி எங்கேயும் எழுதி வைத்திருக்கவில்லை. ஆனால் யாரும் மீறியதில்லை. போன வருஷம் ஆடி மாதத்தில் ஒருநாள் காத்தாயி அக்கா முன்னால் போய் நின்று ஒரு நண்டுக் குவியலுக்கு விலை சொல்லிவிட்டார். வியாபாரிகள் சொன்னதைவிட அதிகமாகவே சொன்னார்.

ஏலக்காரர் முத்துராமன் அவர் தலைக்கு மேலே கடலைப் பார்த்துக்கொண்டு, வண்டிச் சாவியால் காதைக் குடைந்தார். காதில் விழாத மாதிரி. அக்கா மறுபடியும் சொன்னார். மறுபடியும் காதைக் குடைந்தார். குறைந்த விலை சொன்ன வியாபாரிக்கே குவியல் போனது. சுற்றி நின்ற ஆம்பளைகள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைத்தான் அக்காவால் தாங்க முடியவில்லை. “இத்தனை வருஷம் இந்தக் கரையில கத்தியிருக்கேன். அன்னைக்குத்தான் என் குரலு எங்கிட்டுப் போச்சுன்னு எனக்கே தெரியல” என்று என்னிடம் ஒருமுறை சொன்னார்.

அதோடு முடியவில்லை. கமிட்டி கூடியது. ஊர் வழக்கத்தை மீறியதற்கு சபையில் விழுந்து மன்னிப்புக் கேட்க வேண்டும், கேட்கும்வரை இந்தக் கரையில் அவருக்கு யாரும் மீன் கொடுக்கக் கூடாது என்று முனியசாமி தீர்ப்புச் சொன்னார். அக்கா விழவில்லை. அன்றிலிருந்து முதல் பஸ்ஸில் கோட்டைப்பட்டினம் போய் மீன் எடுத்து வந்து விற்கிறார். அவருடைய கணவர் ராக்கன் அண்ணனை டீக்கடையில் சீண்டுவார்கள், பொண்டாட்டியை அடக்கத் தெரியாதவன் என்று. அவர் டீயை உறிஞ்சிக்கொண்டே, “அடக்குறதுக்கு அது என்ன அடுப்பா” என்பார்.

அக்காவுக்கு வேண்டியது ஒன்றுதான். அந்தக் கரையில் நின்று விலை சொல்ல வேண்டும், அது காதில் விழ வேண்டும். நாடகம் அதற்குத்தான். ஆட்டோ ஓட்டுகிற ஜஸ்டின் ஏலக்காரனாக நடித்தான். அக்கா அக்காவாகவே நடித்தார். வசனம் எழுதவில்லை. நடந்ததை நடந்தபடி செய்துகாட்ட வேண்டியதுதான். ஒத்திகையில் ஜஸ்டின் காதைக் குடைந்த ஒவ்வொரு தடவையும் எனக்குக் கை துறுதுறுத்தது.

விஷயம் எப்படியும் கசியும், கசிந்தது. ஏழாவது வாரம் முடிந்த மறுநாள் முனியசாமி என் கடைக்கு வந்தார். பிரஷர் மாத்திரை வாங்கினார். பிறகு ரொம்ப சாந்தமாகப் பேசினார்.

“என்னம்மா மருந்துக்கடை, ஊரே ஒங்க நிகழ்ச்சியப் பத்தித்தான் பேசுது. கடைசி வாரம் ஊர் சார்புல ஒரு பாராட்டு வச்சிரலாம்னு கமிட்டியில முடிவு பண்ணியிருக்கோம். கலைஞர்களுக்கு எல்லாம் பொன்னாடை. செலவு எங்களது.”

“எங்க மேடையில நாற்காலி போடுறது இல்லைங்க தலைவரே.”

“பொறத்தியார் மேடைன்னா சரி. ஷெட்டு நம்ம ஊரு ஷெட்டுதானம்மா. ஒரு மரியாதைய வேணாம்னு சொன்னா ஊரு என்ன நெனைக்கும்? நாடகத்த யாரு வேணாம்னா. பாராட்டு முடியட்டும், போடுங்க.”

மாத்திரையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். தடை போட்டிருந்தால் சண்டை போடலாம். மரியாதை செய்கிறேன் என்று வருகிறவரை என்ன செய்வது? எங்கள் ஊரில் அடித்தால் திருப்பி அடிக்கலாம், பொன்னாடையைத் திருப்பிக் கொடுத்தால் ஏழு தலைமுறைக்குப் பகை.

அன்று சாயங்காலம் கூடிப் பேசினோம். நான் வேண்டவே வேண்டாம் என்றேன். ஜஸ்டின்தான், “அக்கா, அரை மணி நேரம் பேசிட்டுப் போகட்டுமே. ஷெட்ட புடுங்கிட்டா நாடகமே இல்லல்ல” என்றான். எல்லோரும் காத்தாயி அக்காவைப் பார்த்தோம்.

“வரட்டும்” என்றார் அக்கா. “நான் நடிக்கிறதப் பாக்க கமிட்டிக்காரவுக இருக்கணும்னுதான் எனக்கும் ஆசை. முன்னாடி ஒக்காந்து பாக்கட்டும்.”

சரி என்று தலையாட்டினோம். அங்கேதான் சறுக்கினோம். எங்கள் ஊர்க்காரர்களைத் தவிர வேறு யாரும் அந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டார்கள். நோட்டீஸில் ‘தலைமை: முனியசாமி’ என்று ஒரு பெயர் போட்டோம். ஒரு பெயர் போட்டதும் செயலாளர் பெயர் இல்லையே என்று வந்தார்கள். செயலாளரைப் போட்டால் பொருளாளர். வடக்குத் தெருவில் ஒருவர் பெயர் வந்தால் தெற்குத் தெருவில் ஒருவர் வேண்டும். ஐஸ் கம்பெனியின் பழைய முதலாளி மகன் வெளியூரிலிருந்து போன் செய்து, தன் பெயரை எந்த எழுத்தில் போடப் போகிறீர்கள் என்று விசாரித்தார். வாரக் கடைசியில் நோட்டீஸ் அச்சாகி வந்தபோது ‘முன்னிலை’, ‘சிறப்புரை’, ‘வாழ்த்துரை’ எல்லாம் போக, நாடகம் என்ற வார்த்தையைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அது கீழே, அச்சகத்தின் போன் நம்பருக்குப் பக்கத்தில் கிடந்தது.

ஞாயிறு சாயங்காலம் ஷெட் நிறைந்துவிட்டது. மைக்குக்கு ஒன்பது மணி வரைதான் போலீஸ் அனுமதி. அதை முனியசாமிதான் முன்னால் நின்று வாங்கிக் கொடுத்திருந்தார். மேடையில் பதினோரு நாற்காலி. கல்யாண மண்டபத்திலிருந்து கொண்டுவந்த சிவப்பு வெல்வெட் நாற்காலி. அதில் அவர்கள் உட்கார்ந்த அழகைப் பார்த்தால் இனி எழுந்திருக்கவே போவதில்லை என்று தெரிந்தது.

பேசினார்கள். ஐஸ் கம்பெனி எந்த வருஷம் கட்டப்பட்டது என்று ஒருவர் பேசினார். அது அந்த வருஷம் இல்லை என்று அடுத்தவர் பேசினார். கலை என்றால் என்ன என்று ஒருவர் கேட்டுவிட்டு, பதிலுக்குத் தன் மகன் சிங்கப்பூரில் வேலை பார்ப்பதைச் சொன்னார். ஒவ்வொருவருக்கும் பொன்னாடை போர்த்தினார்கள். போர்த்திக்கொண்டவர் போர்த்தியவருக்குத் திருப்பிப் போர்த்தினார். போட்டோக்காரர் சரியாக விழவில்லை என்றதால் ஒரு பொன்னாடையைக் கழற்றி மறுபடி போர்த்தினார்கள். நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு ‘அவர்களே, அவர்களே’ என்று சொல்லிச் சொல்லி என் வாய் எனக்கே கசந்துபோனது.

ஓரத்தில் காத்தாயி அக்கா நாடகத்துக்காகப் பழைய கூடையை இடுப்பில் வைத்தபடி நின்றார். ஜஸ்டின் கையில் வண்டிச் சாவி. நான் அவர்கள் பக்கம் பார்க்கவே கூச்சப்பட்டேன். எட்டரை தாண்டியதும் எனக்குப் புரிந்துவிட்டது. இவர்கள் நாடகத்தைத் தடுக்க வரவில்லை, நேரத்தைத் தின்ன வந்திருக்கிறார்கள். ஒரு துண்டுச் சீட்டில் ‘சுருக்கமாக’ என்று எழுதிப் பேசிக்கொண்டிருந்தவரிடம் நீட்டினேன். அவர் அதை வாங்கி, படித்து, பையில் போட்டுக்கொண்டு, “சுருக்கமாகப் பேசச் சொல்லியிருக்காங்க, அதனால மூணே மூணு விஷயம்” என்று தொடங்கினார்.

கடைசியாக முனியசாமி எழுந்தார். அவர் நீட்டவில்லை. அவருக்கு வேண்டியது வேறு.

“நம்ம காத்தாயிய எல்லாருக்கும் தெரியும். ஏதோ ஒரு வேகத்துல ஊர் வழக்கத்த மீறிருச்சு. நடந்தது நடந்து போச்சு. இன்னைக்கு ஊரு பெரிய மனசு பண்ணி அதை மன்னிச்சிருச்சு. நாளையில இருந்து காத்தாயி மத்த பொம்பளைக மாதிரி நம்ம வியாபாரிககிட்ட மீன் வாங்கி விக்கலாம். அந்த சந்தோசத்துல ஊர் சார்புல இந்தப் பொன்னாடைய போத்துறோம். இங்கிட்டு வாம்மா.”

கூட்டம் கைதட்டியது. கைதட்டாமல் என்ன செய்யும்? அக்கா கேட்காத மன்னிப்பை இத்தனை பேர் முன்னால் கொடுத்தாகிவிட்டது. போர்த்திக்கொண்டால் தப்புச் செய்தவர் என்று ஆகும். அதற்கப்புறம் எந்த நாடகம் போட்டாலும் நன்றி கெட்டவள் என்ற பெயர்தான் மிஞ்சும். முனியசாமி ஒரு துணியைக் கொண்டு அக்காவின் வாயைக் கட்டுகிறார் என்று எனக்குத் தெரிந்தது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவர் பேசி முடித்த மைக்கை வாங்கி இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அக்கா கூடையைக் கீழே வைத்துவிட்டு மேடையேறினார். தலையைக் குனிந்து பொன்னாடையை வாங்கிக்கொண்டார். போட்டோ எடுத்தார்கள். பிறகு என்னிடம் கையை நீட்டினார். நான் மைக்கைக் கொடுத்தேன்.

“ஊருக்கு ரொம்ப நன்றி” என்றார். இன்னொரு கைதட்டல். முனியசாமி நிம்மதியாக நாற்காலியில் சாய்ந்தார்.

அக்கா தோளிலிருந்து பொன்னாடையை உருவி ஒரு கையால் தூக்கிக் காட்டினார். “இதை நான் வச்சு என்ன பண்ணப் போறேன். நம்ம அரங்கத்துக்காக இதை இப்ப ஏலம் விடுறேன்.”

கூட்டம் சிரித்தது. கோயில் திருவிழாவானாலும் சர்ச் திருவிழாவானாலும் எலுமிச்சம்பழம், சேவல், முதல் காய்ப்புத் தேங்காய் என்று எதையாவது ஏலம் விடுவது எங்கள் ஊரில் எல்லோருக்கும் பிடித்த விளையாட்டு. மேடையில் இருந்தவர்கள்கூட நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். “அம்பது” என்று ஒரு வாலிபன் முதலில் தொடங்கினான். “எழுபது” என்றார் இன்னொருவர். “நூறு, நூத்தம்பது” என்று ஆம்பளைகள் பக்கத்திலிருந்து விலை ஏறியது.

அக்கா அவர்கள் தலைக்கு மேலே ஷெட்டின் கூரையைப் பார்த்தார். பொன்னாடையை முழங்கையில் தொங்கவிட்டுக்கொண்டு, ஓரத்தில் நின்ற ஜஸ்டினிடம் கையை நீட்ட, அவன் வண்டிச் சாவியைக் கொடுத்தான். அதை வாங்கிக் காதைக் குடைந்தார்.

முதலில் யாருக்கும் புரியவில்லை. “இருநூறு” என்று ஒருவர் கொஞ்சம் உரக்கச் சொன்னார். அக்கா காதைக் குடைந்துகொண்டே, “யாருமே விலை சொல்லலையா” என்றார். பெண்கள் பக்கத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு மெல்ல ஒவ்வொரு பாயாக நகர்ந்தது. கரையில் அன்றைக்குக் கூடையோடு தள்ளி நின்றவர்கள் எல்லாம் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குப் புரிந்துவிட்டது.

“முப்பது” என்றார் ஜெபமாலையம்மாள்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொந்தமாக ஒரு போட்டு வைத்திருப்பவர். கணவர் இறந்த பிறகு பையன்களை வைத்துத் தொழில் நடத்துகிறார். டீசலுக்குப் பணம் எண்ணுவது அவர், வலை வாங்குவது அவர். ஆனால் போட்டு கரைக்கு வருகிற நேரத்தில் ஏலம் நடக்கிற பக்கம் தலை காட்ட மாட்டார். பொம்பளைக்கு அங்கே என்ன வேலை என்று வீட்டிலேயே இருப்பார். சண்டைக்காரி இல்லை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போவார், வருவார், அவ்வளவுதான்.

“ஜெபமாலையக்கா முப்பது” என்றார் காத்தாயி அக்கா, கூரையிலிருந்து கண்ணை இறக்கி. “ஒரு தரம்.”

“நான் இருநூறுன்னு சொல்லிட்டேன்” என்று ஆம்பளைகள் பக்கம் ஒருவர் எழுந்தே நின்றார். “ஐநூறு” என்றார் மேடையிலிருந்த செயலாளர். அக்காவின் கை காதுக்குப் போனது. பெண்கள் இப்போது வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கவில்லை, வாய்விட்டே சிரித்தார்கள். ஆம்பளைகள் சிலரும் சேர்ந்து சிரித்தார்கள், ராக்கன் அண்ணன் உட்பட.

முனியசாமி அசட்டையாக ஒரு புன்னகையை வரவழைத்துக்கொண்டார். பெரிய மனுஷன் என்றால் இந்த மாதிரி இடத்தில் ஒரு பெரிய தொகையைச் சொல்லி முடித்துவைக்க வேண்டும். “சரி சரி. அஞ்சாயிரம். அரங்கத்துக்கு என் நன்கொடையா இருக்கட்டும்.”

அக்காவுக்கும் அவருக்கும் நடுவில் இரண்டு முழம் கூட இடைவெளி இல்லை. அக்கா அவர் தலைக்கு மேலே பார்த்தார்.

“ஜெபமாலையக்கா முப்பது. ரெண்டு தரம்.”

அந்த நேரம் பார்த்து ஒன்பதாகிவிட்டது. வாசலில் நின்ற போலீஸ்காரர் கையைக் காட்ட, மைக் செட்காரர் சுவிட்சை அணைத்தார். ஷெட்டுக்குள் திடீரென்று கடல் சத்தம் கேட்டது. ஒரு நொடி, அவ்வளவுதான் முடிந்தது என்று நினைத்தேன். அக்கா செத்துப்போன மைக்கை என்னிடம் கொடுத்துவிட்டு, கரையில் கூவுகிற குரலை எடுத்தார். வருஷக்கணக்காகக் காற்றையும் போட்டு எஞ்சினையும் தாண்டிக் கூவிய குரல். அதற்கு மைக் எதற்கு?

“அஞ்சாயிரம்னு சொல்றேன்ல” என்று முனியசாமி எழுந்துவிட்டார். புன்னகை போய்விட்டது. “பக்கத்துல நின்னு சொல்றேன், காது அடைச்சிருக்கா?”

அக்கா கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். “ஏங்க, யாரு காதுலயாச்சும் ஏதாச்சும் விழுந்துச்சா?”

“விழலையே” என்றார்கள் பெண்கள். ஒரே குரலில் இல்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தொடங்கி, பின்னால் சுவரோரம் நின்றவர்கள் வரை போய்ச் சேர்ந்தது. வல்லத்திராக்கோட்டையிலிருந்து நாடகம் பார்க்க வந்திருந்த கும்மிக்காரப் பெண்கள்கூடச் சொன்னார்கள். அவர்களுக்கு மீனும் தெரியாது, கரையும் தெரியாது. ஆனால் காதில் விழாமல் போவது என்றால் என்ன என்று தெரியாத பெண் எந்த ஊரில் இருக்கிறாள்?

முனியசாமி நின்றுகொண்டே இருந்தார். இத்தனை பேருக்கு நடுவில் தன் குரல் தனக்குப் பயன்படாமல் போவதை அந்த மனுஷன் வாழ்க்கையில் முதல் தடவையாகப் பார்த்தார். எனக்குப் பாவமாக இருந்தது என்று சொன்னால் நன்றாக இருக்கும். இல்லை.

“மூணு தரம்” என்றார் அக்கா. ஜெபமாலையம்மாள் எழுந்து வந்து, முந்தானை முடிச்சை அவிழ்த்து மூன்று பத்து ரூபாய்த் தாளைக் கொடுத்துவிட்டுப் பொன்னாடையை வாங்கிக்கொண்டு தன் பாய்க்குத் திரும்பினார். மேடையை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

நோட்டீஸில் கடைசியாக நன்றியுரை என் பெயரில் இருந்தது. நாடகமே நடக்கவில்லையே என்று யாரும் பிற்பாடு சொல்லக் கூடாது. நான் முன்னால் வந்து, மைக் இல்லாமல், தொண்டை கிழியச் சொன்னேன்.

“நாடகம் இத்தோட முடிஞ்சதுங்க. கதை, காத்தாயி. இதுல நடிச்சுக் குடுத்த பெரியவங்க எல்லாருக்கும் அரங்கத்தோட நன்றி.” பதினோரு பெயரையும் நோட்டீஸில் இருந்த வரிசையிலேயே, ஒருவரையும் விடாமல், ‘அவர்களே’ சேர்த்து வாசித்தேன். ஒவ்வொரு பெயருக்கும் கைதட்டினார்கள். சத்தியமாக, என் பேச்சுக்கு அப்படி ஒரு கைதட்டலை நான் அதற்குமுன் வாங்கியதில்லை.

மறுநாள் ஷெட்டுக்குப் புதுப் பூட்டு போட்டார்கள். ஊரைக் கேவலப்படுத்தியதாகக் கமிட்டி கூடிப் பேசியது. என் கடையில் யாரும் மருந்து வாங்கக் கூடாது என்றும் ஒரு பேச்சு வந்ததாம். மணமேல்குடி வரை போய் வாங்க யாருக்கும் தெம்பில்லை போலிருக்கிறது, அதை அப்படியே விட்டுவிட்டார்கள். அடுத்த வருஷ நிகழ்ச்சிக்கு இடம் எங்கே என்று ஜஸ்டின் கவலைப்பட்டான். கடற்கரையில் மணல் இருக்கிறது, அதற்குப் பூட்டுப் போடச் சொல்லு என்றேன். எனக்குக் கவலை அது இல்லை. ஒரு ராத்திரி சிரித்துவிட்டு மறுநாள் எல்லோரும் மறந்துவிடுவார்கள், அக்கா மறுபடியும் கோட்டைப்பட்டினம் பஸ்ஸில்தான் போக வேண்டும் என்பதுதான் என் கவலை.

திங்கட்கிழமை கடலுக்குப் போன போட்டுகள் செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் கரைக்கு வந்தன. அன்று அக்கா பஸ் ஏறவில்லை. கூடையை எடுத்துக்கொண்டு நேரே கரைக்குப் போனார். நான் கடையைத் திறக்காமல் பின்னாலேயே போனேன். கூடைக்காரப் பெண்கள் வழக்கம்போலத் தள்ளி நின்றார்கள். அக்கா மட்டும் வியாபாரிகளுக்கு நடுவில் போய் நின்றார். கமிட்டி பெஞ்சில் முனியசாமி உட்கார்ந்திருந்தார்.

முதலில் கொட்டியது நண்டு. கால் கட்டாத, ஈரம் சொட்டுகிற நண்டு. வியாபாரிகள் விலை சொல்லத் தொடங்கினார்கள். ஓர் இடத்தில் விலை நின்றது. அதற்கு மேலே அக்கா சொன்னார்.

முத்துராமன் பெஞ்சைப் பார்த்தார். பிறகு அக்காவின் தலைக்கு மேலே கடலைப் பார்த்தார். கை மெதுவாகச் சட்டைப்பைக்குப் போனது. ஞாயிற்றுக்கிழமை சிரித்த ஆம்பளைகள் ஒருவர்கூட இப்போது வாயைத் திறக்கவில்லை. பெண்களும்தான்.

“முத்துராமா.”

போட்டின் முன்பக்க அணியத்தில் கையை ஊன்றிக்கொண்டு ஜெபமாலையம்மாள் நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று யாரும் கவனிக்கவில்லை. ஏலம் நடக்கிற நேரத்தில் அவரை அந்தக் கரையில் பார்ப்பது எல்லோருக்கும் அதுதான் முதல் தடவை.

“நண்டு என் போட்டு நண்டு. கூடுதலா ஒரு வெலை சொன்னது என் காதுல விழுந்துச்சு. ஒன் காதுல விழலைன்னா சொல்லு, நாளையில இருந்து என் மீனுக்கு வேற ஏலக்காரரப் பாத்துக்கிறேன்.”

குரலை உயர்த்தவில்லை. பூசைக்கு நேரமாச்சு என்று சொல்கிற மாதிரிதான் சொன்னார். முத்துராமனின் கை பையிலேயே நின்றது. பெஞ்சில் முனியசாமி எதுவோ சொல்ல வந்தார். சொன்னால் காதில் வாங்க ஆள் இருக்குமா என்று அவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும், சொல்லவில்லை.

“காத்தாயி வெலை” என்றார் முத்துராமன். “ஒரு தரம்.”

உடனே ஒரு வியாபாரி அதற்கு மேலே சொன்னார். அக்கா இன்னும் மேலே போனார். அவர் விடவில்லை. அக்காவின் கையில் இருந்தது அவ்வளவுதான். மூணு தரம் சொல்லி நண்டு அந்த வியாபாரிக்கே போனது.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. இவ்வளவும் செய்து கடைசியில் கூடை காலி என்று அக்காவைப் பார்த்தேன். அக்கா முகத்தில் அப்படி எதுவும் இல்லை. இத்தனை வருஷத்தில் ஓர் ஆம்பளை வியாபாரி தன்னை மிஞ்ச வேண்டும் என்பதற்காகவே கூடுதல் விலை கொடுத்திருக்கிறான் என்று அவர் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார் போலிருந்தது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கணவாய் மீன் கொட்டியிருந்த அடுத்த குவியலுக்கு நகர்ந்தார். தள்ளி நின்ற கூடைக்காரப் பெண்களில் இரண்டு பேர் அவருக்குப் பின்னால் வந்து நின்றார்கள்.

முத்துராமனும் அங்கே வந்தார். வியாபாரிகளை ஒரு பார்வை பார்த்தார். ஏலம் தொடங்குவதற்கு முன்பே, யாரும் சொல்லாமலேயே, அக்காவின் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

“காத்தாயி, நீ எவ்வளவுல ஆரம்பிக்கிற?”